நான் சரிசெய்த கிட்டார்

சிஸ்டர் தன் கிட்டாரைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். கிட்டார் என்றால் இடுப்பு வளைந்து, நடுவில் வட்டமாகத் துளை வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். துணிப்பைக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு பலகை. சாப்பிட உட்காரும் மணையை நீளவாக்கில் அறுத்து அதன்மேல் ஆறு கம்பி கட்டியது போல இருந்தது. சாம்பல் நிறப் பெயிண்ட் அங்கங்கே பெயர்ந்து உள்ளே மரம் தெரிந்தது. ஓரத்தில் ஸ்டவ் திருகு போல இரண்டு திருகுகள். இதில் வாசிப்பீர்களா, சப்பாத்தி தேய்ப்பீர்களா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒயரைச் சொருகித் தரும்படி மட்டும் சொன்னார்.

அறுபதுகளின் பின்பாதி அது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக்குப் போகும் வழியில் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மைக்செட்டும் வாடகைக்கு விடுவேன். எங்களுடையது தறி வீடு. அப்பாவும் அண்ணனும் பட்டு நெய்தார்கள். எனக்குத் தறிக் குழியில் கால் தங்கவில்லை. சென்னையில் ஒரு கடையில் வேலை கற்றுக்கொண்டு வந்து, இருபத்தாறு வயதில் சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயரும் கட்டி முடித்திருந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் அதன் மூடியைக் கழற்றி உள்ளே எரியும் வால்வுகளைக் காட்டாமல் விடமாட்டேன்.

ஊரில் அப்போது ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கல்யாண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் சினிமாப் பாட்டுகள் பாடுவார்கள். மைக்செட் என்னுடையது. குழுவின் தலைவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஆர்மோனியம் வாசிப்பார். அவர்தான் சிஸ்டரைச் சேர்த்துக்கொண்டார். சிஸ்டர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கும் வயது, குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். முன்பு அரக்கோணத்தில் வேலை பார்த்தபோது, ரயில்வேயில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வெளிநாட்டுக்குப் போவதற்காகச் சாமான்களை விற்றதாம். கட்டிலும் கொசுவலையும் வாங்கப் போனவரிடம் அந்த வீட்டம்மா இந்தப் பலகையையும் தள்ளிவிட்டு, பத்து நாள் உட்கார்ந்து வாசிக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினாராம். அந்தக் காலத்தில் அதைச் செய்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் மலிவுச் சரக்கு அது என்று சிஸ்டரே சொன்னார்.

அன்று ஒயரைச் சொருகினேன். சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பலகையை மடியில் குறுக்கே படுக்கவைத்தார். வலது கை விரல்களால் மீட்டி, இடது கையில் பிடித்த எஃகுத் துண்டைக் கம்பிகளின்மேல் மெல்ல நகர்த்தினார்.

எனக்கு அந்தச் சத்தத்தை இன்றுவரை சரியாகச் சொல்ல வரவில்லை. பாடகி ஒருத்தி வாயை மூடிக்கொண்டு பாடினால் தொண்டைக்குள் ஒரு ஓசை வருமே, அதில் பாதி. மீதிப் பாதி மரம். கம்பியின் சத்தம் மட்டும் என்றால் அப்படி இருக்காது. பலகை முழுவதும் சேர்ந்து முனகியது போல, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் இருப்பதையெல்லாம் தொட்டுக்கொண்டு போனது. நான் கட்டிய ஆம்ப்ளிஃபயரிலிருந்து இப்படியொரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். நான் சிரித்ததற்கு அப்போதே வெட்கப்பட்டேன், அது சின்ன வெட்கம்தான்.

குழுவின் சாமான்கள் எல்லாம் என் கடையிலேயே இருக்கும் என்பதால் சிஸ்டரும் பலகையை அங்கேயே வைத்துவிட்டுப் போவார். ஏறக்குறைய இரண்டு வருஷம் அப்படி நடந்தது. பாட்டுக்கு நடுவில் அவர் வாசிக்கும் பத்துப் பதினைந்து விநாடிகளுக்காகவே கூட்டம் முன்னால் நகர்ந்து உட்காரும். பலகையை ஊரில் யாரும் கிட்டார் என்று சொல்லவில்லை, சிஸ்டர் பலகை என்றுதான் பெயர்.

அதில் ஒரு குறை இருந்தது. சிஸ்டர் வாசிக்காத நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். பலகைக்குள் இருக்கும் காந்தச் சுருள்தான் காரணம். பக்கத்தில் டியூப் லைட் இருந்தால் இன்னும் அதிகமாகும். சிஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு தறி முதலாளி வீட்டு வரவேற்பில், பாட்டு முடிந்து எல்லோரும் மௌனமாக இருந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னாபா, உன் டப்பாவுல ஈ பூந்துக்கிச்சா?" என்றார். பந்தலில் ஒரே சிரிப்பு. சிஸ்டரும் கூடச் சிரித்தார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர்கள் சிரித்தது பலகையைப் பார்த்து அல்ல, என் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து என்றே பட்டது.

மறுநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லை. பலகையை எடுத்துத் திருகாணிகளைக் கழற்றினேன். சிஸ்டரைக் கேட்கவேண்டும் என்று தோன்றியது உண்மை. கேட்டால் வேண்டாம் என்பார் என்பதும் தோன்றியது.

உள்ளே பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியைத் தொழிற்சாலையில் எவனோ தூக்கக் கலக்கத்தில் சுற்றியது போல இருந்தது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், குறுக்கும் நெடுக்குமாகத் தளர்ந்து கிடந்தது. மெழுகு இல்லை, மூடி இல்லை. இப்படிச் சுற்றினால் இரையாமல் என்ன செய்யும் என்று நினைத்து, காந்தத்தை நகர்த்த ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டேன். கம்பி அறுந்தது. முனையைத் தேடி இழுத்தேன். இன்னும் இரண்டு இடத்தில் அறுந்தது.

சுருளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் அக்கா தார் சுற்றுகிறவள், அதாவது சேலைக்கு ஊடையாகப் போகும் பட்டு நூலை ராட்டையில் போட்டுச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுப்பவள். கல்யாணமாகிப் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். அவள் கை பட்டால் நூல் அறாது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். புதுச் செப்புக் கம்பி வாங்கி அவளிடம் கொடுத்தேன். வரிசை வரிசையாக, இடைவெளி இல்லாமல் சுற்றவேண்டும், பழையதைவிடக் கூடவே சுற்ற வேண்டும் என்றேன். சுற்று கூடினால் சத்தம் கூடும் என்பது என் கணக்கு. யாருடையது என்று அக்கா கேட்டாள். சிஸ்டருடையது என்றேன். சிஸ்டருக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன்.

இரண்டு நாளில் அக்கா சுற்றி முடித்தாள். தார்க்கட்டை போலவே அழகாக இருந்தது. அதை உருகிய மெழுகில் அமிழ்த்தி எடுத்தேன். பால் பவுடர் டப்பாத் தகரத்தில் ஒரு மூடி செய்து போட்டேன். ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன், இரைச்சல் துளிகூட இல்லை. கம்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன், கணீரென்று கேட்டது. எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. சிஸ்டருக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு கோயில் உற்சவத்தில். மேடையில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஜவுளிக்கடைக்காரர் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு செட்டு தண்ணி மாதிரி இருக்குதுபா. இப்பதான் நீ மெக்கானிக்கு" என்று என் முதுகில் தட்டினார். அந்த ஒரு தட்டுக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று இப்போது தெரிகிறது.

முதல் பாட்டில் சிஸ்டரின் முறை வந்தது. சத்தம் கேட்டது. பெரிதாகவும் கேட்டது. ஆனால் அது வேறு யாரோ பேசுவது போல இருந்தது. அந்த முனகல் இல்லை. எஃகுத் துண்டு நகரும்போது நடுவில் இருந்த எதுவும் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் படிக்கட்டில் இறங்குவது போல, மொத்தையாக, தனித்தனியாகச் சுரங்கள் விழுந்தன. சிஸ்டர் பாதியில் நிறுத்தினார். எஃகுத் துண்டைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி தொடங்கினார். பிறகு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து கேட்டார்: "தம்பி, இதுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

ஜவுளிக்கடைக்காரர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் தட்டிய இடம் இன்னும் முதுகில் சூடாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் சொன்னதை அப்படியே நம்பினார். வாத்தியத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது இருக்காது என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வந்தார். மூன்றாவதுக்கு வரவில்லை. பலகை கடையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். ஜவுளிக்கடைக்காரர் போய் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். சிஸ்டருக்குக் கை சரியில்லையாம். அவருடைய அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் கையில் உணர்ச்சி குறைந்து, பிறகு நடுங்கத் தொடங்கி, கடைசியில் சோறு பிசைந்து சாப்பிடக்கூட முடியாமல் போயிற்றாம். தனக்கும் அது ஆரம்பித்துவிட்டது, கம்பியில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது என்றாராம். பாவம் என்று ஜவுளிக்கடைக்காரர் உச்சுக்கொட்டினார். நானும் உச்சுக்கொட்டினேன். அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்போதுகூட நான் போய்ச் சொல்லவில்லை. தானாகத் தெளிந்துவிடுவார், வேறு யாராவது வாசித்தால் புரிந்துவிடும், கொஞ்ச நாள் போகட்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சொல்லிக்கொண்டேன். அப்படியே மூன்று மாதம் போய்விட்டது.

ஒரு நாள் ஸ்பீக்கர் கட்ட மரத்தில் ஏறியபோது துருப்பிடித்த ஆணி காலில் ஏறியது. ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. உள்ளே ஊசி போட்டவர் வேறொரு நர்ஸ், சின்னப் பெண். எனக்கு முன்னால் மாகறலிலிருந்து வந்த ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. அவள் என்னிடம், "அந்த சிஸ்டரம்மா போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதுபா. இப்ப இன்னாவோ போட மாட்டேங்குதாம். அங்க சீட்டு எழுதிக்கினு குந்திக்கினு இருக்குது" என்று கைகாட்டினாள்.

வராந்தாவின் மறுகோடியில் சிஸ்டர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். எழுதும் கையின் மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு எழுதினார். நொண்டிக்கொண்டு பக்கத்தில் போனேன், அவரிடமிருந்து தைல வாசனை வந்தது. என்னைப் பார்த்ததும் காலுக்கு என்ன என்று கேட்டார். பிறகு தானாகவே, ஊசி போடுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். நரம்பைத் தேடிக் குத்தும்போது கை தவறினால் யார் பதில் சொல்வது, கேட்டு மாற்றிக்கொண்டேன் என்றார். பதினெட்டு வருஷமாக அந்த வேலையைச் செய்தவர். என் முறை வந்து ஊசி குத்தியபோது வலியை நான் உணரவே இல்லை.

அன்று நான் செய்ததும் கேவலமானதுதான். போய்ச் சொல்வதற்குப் பதிலாகக் கடையைச் சாத்திக்கொண்டு பலகையைப் பிரித்தேன். பழையபடி ஆக்கிவிட்டால், ஏதோ தானாகச் சரியாயிற்று என்று கொடுத்துவிடலாம், யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியிருக்காது என்பது என் எண்ணம். மெழுகைச் சுரண்டினேன். அக்கா சுற்றியதை அவிழ்த்து நானே சுற்றினேன். பத்து நாளில் ஆறு முறை கம்பி அறுந்தது. வரிசையாகச் சுற்றுவது என் குடும்பத்துக்கே கைவந்த வேலை. கோணல்மாணலாகச் சுற்றத்தான் எங்களுக்கு வரவில்லை. அந்த மலிவுப் பலகையின் சத்தம் அதன் அலட்சியத்தில் இருந்தது என்று அப்போதுதான் மெல்லப் புரிந்தது. மூடி போடாததால் மரத்தின் அதிர்வும் சுருளுக்குள் போயிருக்கிறது. தளர்ந்து கிடந்ததால் கம்பிச் சுருளும் கூடவே துடித்திருக்கிறது. சுற்று குறைவாக இருந்ததால் மேல்சுரங்கள் அடைபடாமல் வெளியே வந்திருக்கின்றன. குறை என்று நான் ஒவ்வொன்றாக நீக்கியதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் குரல்.

ஏழாவது முறையாகக் கம்பி வாங்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் ராட்டையை நிறுத்திவிட்டு, திரும்பத் திரும்ப எதற்குச் சுற்றுகிறாய் என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா ராட்டையில் இருந்த தாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு, "சிஸ்டருக்குத் தெரியும்னு சொல்லி என் கையால சுத்த வெச்சியே" என்றாள். "நாளைக்கு நீ போய் சொல்லு. நீ போவலன்னா நான் போறேன்."

மறுநாள் மத்தியானம் போனேன். வெளிநோயாளிகள் கலைந்து வராந்தா காலியாக இருந்தது. நின்றபடியே சொன்னேன். இடையில் எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன் என்று பயம். சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். மறுபடியும் சொன்னேன். அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார்.

"அப்போ என் கைக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"இல்ல சிஸ்டர்."

சந்தோஷப்படுவார் என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு மாசமா இந்தக் கையையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். இனிமே ஊசியை எடுத்தாலும் கையைத்தான் பார்ப்பேன். அதை எப்படி சரி பண்ணுவீங்க?"

இரண்டு வருஷமாக என்னைத் தம்பி என்றும், நீ, வா, போ என்றும் கூப்பிட்டவர். அந்த 'பண்ணுவீங்க' எனக்கு உடனே உறைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். இனி அந்தப் பலகையைத் தான் இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுருளைத் தன் எதிரிலேயே சுற்றவைக்க, அக்கா வீட்டுக்கு வந்தார். நான் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டுபோய் அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்தேன். அக்கா ராட்டையை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே சுற்றினாள், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கம்பியை அங்குமிங்கும் அலையவிட்டு. சுற்றியதும் நான் பற்றவைப்பேன், சிஸ்டர் மீட்டுவார். இது இல்லை என்பார். இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா என்று அக்காவிடம் கேட்பார். என்னிடம் எதுவும் கேட்கமாட்டார். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படி மூன்று ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு சாயங்காலம், தகர மூடி இல்லாமல், மெழுகு இல்லாமல், ஈ இரைச்சலோடு ஒரு சத்தம் வந்தது. பழைய சத்தம் இல்லை அது. ஆனால் அதற்கும் தொண்டை இருந்தது. சிஸ்டர் ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். பக்கத்தில் எங்கள் வீட்டுத் தறியில் இருந்த என் அண்ணன் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அக்கா அழுதாள். நான் அழவில்லை. அழுதால் அதுவும் பாராட்டு வாங்கச் செய்வது போல இருக்கும் என்று பட்டது.

சிஸ்டர் மறுபடி ஊசி போடப் போனார் என்று கேள்விப்பட்டேன். உடனே இல்லை, ஏழெட்டு வாரம் கழித்து, அதுவும் முதலில் பெரியவர்களுக்கு மட்டும். குழுவுக்குத் திரும்பவில்லை. ஜவுளிக்கடைக்காரர் என்னிடம் காரணம் கேட்டபோது இந்த முறை மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு எழுந்து போனார். அந்த வருஷத் திருவிழாவுக்கு வேறு மைக்செட் பேசிவிட்டார்.

அடுத்த வருஷம் சிஸ்டர் மாற்றலாகிப் பலகையோடு தெற்கே போய்விட்டார். போகும்போது அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அக்காவுக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று கடிதம் வரும். அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் நான்தான் படித்துக் காட்டுவேன். ஆஸ்பத்திரி பற்றி, அங்கே பெய்யும் மழை பற்றி, பலகையை மாதாகோயிலில் வாசிப்பது பற்றி எழுதியிருப்பார். முடிவில் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று இருக்கும். ஒரு முறை அந்த வரியைப் படித்துவிட்டு, இந்த எல்லோரில் நானும் சேர்த்தியா என்று அக்காவைக் கேட்டேன்.

அக்கா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"எனக்கு எப்படிடா தெரியும்" என்றாள்.